எவர்சில்வர் சம்பந்தி

இல்லை, எனக்கு உள்ளங்கை வேர்க்காது. வெயிலில் நின்றால் முதுகு நனையும், மாடிப்படி ஏறினால் நெற்றி நனையும், கை மட்டும் எப்போதும் காய்ந்துதான் இருக்கும். இருபத்தெட்டு வருடம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவன் நான். கை வேர்க்கிறவனை அங்கே ஒரு வாரம்கூட வைத்திருக்க மாட்டார்கள். வெள்ளை அட்டையில் கை பட்ட இடமெல்லாம் கறையாகிவிடும். இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் கை வேர்க்கிற கை என்று ஒரு பேச்சு கிளம்பி, வேலை செய்யும் இடம், ஆஸ்பத்திரி, சொந்தக்காரர்கள் வீடு என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கிளப்பிவிட்டவர் என் சம்பந்தி. என் மகனுக்குப் பெண் கொடுத்தவர்.

ஆளைச் சொல்லிவிடுகிறேன். அறுபது வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதும், ஒன்று எழுதாது. நடந்து வந்தால் வயிறு முன்னால் வரும், அவருடைய அபிப்பிராயம் அதற்கும் முன்னால் வரும். டாக்டரிடம் போனால் டாக்டருக்கு மருந்து சொல்வார். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கு வழி சொல்வார். யாராவது இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால், என்ன பேச்சு என்றே கேட்காமல், "அப்படியில்ல" என்று ஆரம்பித்துக்கொண்டு உட்காருவார்.

முன்பு பாத்திரக்கடையில் இருந்தார். இருபது வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் விற்றிருக்கிறார். வருகிற பெண்களிடம், துருவே பிடிக்காது, தலைமுறைக்கும் இப்படியே இருக்கும் என்று ஒரு நாளைக்கு நூறு முறை சொல்லியிருப்பார். இருபது வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அத்தனை தடவை சொன்னால் வேறு யாரும் நம்புகிறார்களோ இல்லையோ, சொன்ன ஆள் நம்பிவிடுவான்.

எங்கள் பிள்ளைகள் தாங்களே பார்த்து, தாங்களே பேசி முடிவு செய்துவிட்டு, பெரியவர்களுக்குத் தகவல் சொன்னார்கள். அதற்குப் பிறகு கல்யாணம் பேச அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் விரலால் ஒரு சுண்டு சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். தகடு மெல்லிசு, யாரோ உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றார். பையனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது தட்டையும் சுண்டினார். அன்றைக்கே என் மனைவி சொன்னாள், இந்த ஆளோடு ஆயுசு முழுக்கக் குப்பை கொட்ட வேண்டுமா என்று. மருமகள் தங்கம். அப்பா இப்படி. என்ன செய்வது?

பாத்திரக்கடை மூடியபிறகு துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தார். அச்சகத்துக்குப் பின்னால் நீளமாக ஒரு கட்டடம். உறுப்பினர்கள் சாயங்காலம் வந்து, காதில் மூடியை மாட்டிக்கொண்டு, காகிதத்தில் போட்ட வட்டத்தைப் பார்த்துச் சுட்டுவிட்டுப் போவார்கள். சுட்ட துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுவது அவர் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் புது மெஷின் வந்து நான் வெளியே வந்தபோது, கிளப்பில் எனக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் அதை அவர் எத்தனை பேரிடம் சொன்னார் தெரியுமா? கிளப் வாசலில் பழம் விற்கிறவனுக்குத் தெரியும். அச்சகத்தில் காகிதம் இறக்குகிறவர்களுக்கும் தெரியும். என் மகன் முடிவெட்டப் போனால் முடிவெட்டுகிறவர் கேட்கிறார், உங்க மாமனார்தானே உங்க அப்பாவை உள்ளே நுழைச்சுவிட்டது என்று.

என் வேலை எளிது. சுட்டு முடித்ததும் பயிற்சியாளர் துப்பாக்கியைத் திறந்து, குண்டு இல்லை என்று பார்த்துத் தட்டில் வைப்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் துப்பாக்கி அறை ஜன்னலில் நீட்டுவேன். சுவரில் ஒரு சதுர ஓட்டை, அதற்கு ஒரு கம்பிக் கதவு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் சம்பந்தி வாங்கிக்கொள்வார். உள்ளே யாரையும் விடமாட்டார். செயலாளர் அம்மாவே கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏதோ ஆபரேஷன் நடக்கிறாற்போல ஒரு கெடுபிடி.

பழைய துப்பாக்கிகள் எல்லாம் கறுப்பு. அவற்றுக்கு எண்ணெய் போடுவார், பொத்திப் பொத்தி வைப்பார். அதில் குறை சொல்ல முடியாது. போன வருடம் கிளப்பில் ஆறு கைத்துப்பாக்கி புதிதாக வாங்கினார்கள். அவ்வளவும் எவர்சில்வர். பெட்டியைப் பிரித்ததும் ஒன்றை எடுத்து அடியில் சுண்டிப் பார்த்தார் என்று பயிற்சியாளர் சொன்னார். நான் நம்பினேன். அன்றிலிருந்து உறுப்பினர்கள் அவருக்கு எவர்சில்வர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் பட்டமாக நினைத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்து நடந்தார். இனி எனக்குப் பாதி வேலை குறைந்தது, இந்த உலோகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார்.

கிளப்புக்கு வருடத்துக்கு ஒரு தடவை உரிமம் புதுப்பிக்க ஓர் அதிகாரி வருவார். ஒவ்வொரு துப்பாக்கியையும் கையில் வாங்கிப் பார்ப்பார். பராமரிப்பு சரியில்லை என்று அவர் எழுதிவிட்டால் கதவை மூட வேண்டியதுதான். அவர் வருவதற்கு மூன்று வாரம் முன்னால், ஒரு திங்கட்கிழமை, செயலாளர் அம்மா அலமாரியைத் திறந்து பார்த்தார். கறுப்புத் துப்பாக்கிகள் எல்லாம் நன்றாக இருந்தன. புதுசு ஆறிலும் பழுப்புப் புள்ளி. கன்னத்தில் மச்சம் தெளித்த மாதிரி, மேலே, பக்கவாட்டில், உள்ளே, எல்லா இடத்திலும்.

அந்த அம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, இது யாரால் வந்தது என்று தெரிய வேண்டும், அந்த ஆள் இங்கே தொடர முடியாது என்று மட்டும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார்.

"என் ரூம்ல தப்பு நடக்காதும்மா. எவர்சில்வர் தானா துருப்பிடிக்குமா? கொண்டாந்து குடுக்கறவர் கை அப்படி. எப்பவும் ஈரம். பாவம், அவர் மேல தப்பில்ல, அவர் ஒடம்பு வாகு."

பாவமாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். கோபத்தில் எனக்கு அது தோன்றவில்லை. மூன்று வருடத்தில் ஒரு தட்டைக்கூடக் கீழே போட்டதில்லை நான். அன்று மத்தியானமே என்னை வாசலுக்கு மாற்றினார்கள். வண்டிகளை வரிசையாக நிறுத்தச் சொல்லும் வேலை. அதிகாரி வந்து போகும்வரை அங்கே இருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிறகு பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டிக் கம்பெனியிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த வியாழக்கிழமைதான் என் பேத்தி பிறந்தாள்.

அதைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடுகிறது. தூக்கத்தில் யாரையோ அதட்டுகிற மாதிரி புருவத்தைச் சுருக்குகிறாள். காது இரண்டும் என் மகனுக்குப் பிறந்தபோது இருந்த அதே காது. ஆஸ்பத்திரி அறையில் நான், என் மனைவி, சம்பந்தி, சம்பந்தியம்மா நான்கு பேரும் நின்றிருந்தோம். நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து, முதலில் யார் என்று கேட்டாள். மருமகள் படுக்கையிலிருந்தே என் பக்கம் கைகாட்டினாள். நான் கையை நீட்டினேன். சம்பந்தி குறுக்கே வந்தார்.

"அந்தத் துண்ட அவர் கையில போட்டுட்டுக் குடும்மா. அவருக்குக் கை வேர்க்கும். இரும்பே தாங்கல, பச்சப்புள்ள தாங்குமா?"

"அப்பா, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா," என்றாள் மருமகள். ஆனால் நர்ஸுக்கு எது குடும்பச் சண்டை, எது சுகாதாரம் என்று எப்படித் தெரியும்? என் இரண்டு கையிலும் ஒரு துண்டை விரித்துவிட்டு, அதன் மேல் குழந்தையை வைத்தாள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். குழந்தையின் சூடு துண்டைத் தாண்டி வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் மனைவி சம்பந்தியைப் பார்த்த பார்வையில் அவர் சட்டைப் பையிலிருந்த இரண்டு பேனாவும் உருகியிருக்க வேண்டும். அவருக்கு எங்கே உறைக்கிறது? கட்டில் கம்பியைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை செயலாளர் அம்மா வெளியிலிருந்து ஒரு துப்பாக்கி ரிப்பேர்காரரை வரவழைத்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி, பேச்சே கிடையாது. இந்தத் துப்பாக்கிகளைத் தொடுகிறவர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று அவர் சொன்னதால் என்னையும் வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் அன்றுதான் துப்பாக்கி அறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தேன். நீள மேஜை, ஒரு விளக்கு, மூலையில் வெந்நீர் போடும் கெட்டில், கம்பியில் உலரும் துணிகள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

ரிப்பேர்காரர் முதலில் என் கையைக் கேட்டார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, விட்டுவிட்டார். பிறகு ஒரு துப்பாக்கியைக் கழற்றி, விளக்குக்குக் கீழே வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். மேல் மூடி முன்னும் பின்னும் நகர்கிற பள்ளமான காடியைப் பார்த்தார். பிடியின் பலகையைக் கழற்றி அதன் அடியிலும் பார்த்தார். அங்கேயும் பழுப்பு.

"வேர்வையில வந்த துரு, தொட்ட எடத்துல மட்டும்தான் இருக்கும்," என்றார். "இங்க பிடிக்கு அடியில யார் கை போகும்? இது கோடு கோடா வேற இருக்கு. நல்லா அழுத்தித் தேச்சிருக்காங்க. எதால தேய்க்கறீங்க?"

கேட்டதும் சம்பந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இழுப்பறையைத் திறந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, ரிப்பேர்காரரின் கையிலேயே வைத்தார். உள்ளே ஒரு பந்து இரும்புக் கம்பி நார். பாத்திரக்கடையில் விற்பனைக்கு வைக்கிற பாத்திரங்களை அதனால்தான் மினுக்குவார்களாம். அதே நாரால் கறுப்புத் துப்பாக்கிகளில் அங்கங்கே வருகிற துருவைச் சுரண்டிவிட்டு, அதே கையோடு புதுசுகளையும் ஒரு தேய் தேய்ப்பாராம். பிறகு வெந்நீரில் ஒரு முக்கு. உதறிவிட்டு, அவை வந்த பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுவார். எண்ணெய் கிடையாது. எவர்சில்வருக்கு எண்ணெய் போட்டால் தூசிதான் ஒட்டும் என்று ரிப்பேர்காரருக்கே சொல்லிக் கொடுத்தார். அந்த மனிதர் நடுவில் ஒன்றுமே பேசாததால், தன்னைப் பாராட்டப் போகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும் என்பதையும் செய்து காட்டினார். கோடுகள் போகிற திசையிலேயே கை போயிற்று.

யாரும் அவரைக் குற்றம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. தானே டப்பாவோடு கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டார்.

"அதுல இருந்த துருவெல்லாம் எடுத்து இதுல பூசியிருக்கீங்க," என்றார் ரிப்பேர்காரர்.

பிறகுதான் அவர் கொஞ்சம் பேசினார். எவர்சில்வருக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. அது இருக்கிற வரைக்கும்தான் துரு அண்டாது. இரும்பு நாரால் கீறினால் அந்தத் தோல் கிழியும், நாரிலிருந்து உதிர்கிற இரும்புத்தூள் கீறலுக்குள் போய் உட்காரும். மேலே ஈரமும் இருந்தால் அந்தத் தூள் முதலில் துருப்பிடிக்கும், பிறகு எவர்சில்வரையும் தின்ன ஆரம்பிக்கும். துப்பாக்கி எவர்சில்வர் பாத்திர எவர்சில்வர் மாதிரியும் இல்லை, சீக்கிரம் துருப்பிடிக்கிற ரகம் என்றார். அந்தப் பெட்டிக்குள்ளே மெத்தை மாதிரி ஒரு பஞ்சு இருக்கிறதே, அது ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி துருவை வளர்க்குமாம். இனிமேல் நைலான் பிரஷ்தான், சுட்டதில் படிகிற கரியை எடுக்கிற திரவம்தான், துணியில் கறை வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபிறகு, துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மூலை முடுக்கெல்லாம் மெல்லிசாகப் பூச வேண்டும். வழிகிற மாதிரி போடக் கூடாது. யார் தொட்டாலும், தொட்ட பிறகு ஒரு தடவை துடைக்க வேண்டும். எல்லார் கையிலும் உப்பு இருக்கிறது என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார் சம்பந்தி. "பாத்தீங்களாம்மா, நானும் அதத்தான சொன்னேன்," என்று செயலாளர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செயலாளர் அம்மா என்னைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தப்பாக நினைத்ததற்கு வருத்தம் தெரிவித்தார். கேட்க நன்றாக இருந்தது. பிறகு, உங்கள் சம்பந்தியை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார். காரணமானவர் தொடர முடியாது என்று அந்த அம்மாவே சொன்ன வார்த்தை அப்படியே இருந்தது. என் நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்து நின்றது. ஆஸ்பத்திரித் துண்டு ஞாபகம் வந்தது. அப்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது. மகனும் மருமகளும் குழந்தையும் இருப்பது எங்கள் வீட்டு மாடியில். இந்த மனிதருக்கு வேலை போய்விட்டால் காலையில் எட்டு மணிக்கெல்லாம் எங்கே வந்து உட்காருவார்?

"அவர் வேலையில இருக்கட்டும்மா," என்றேன். "இங்க இல்லேன்னா எங்க வீட்டுக்கு வந்துடுவார்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்திருப்பார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அதன்பிறகு ஒரு புது ஏற்பாடு வந்தது. அவர் துடைப்பார், நான் உள்ளேயே நின்று, வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்து, அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் துப்பாக்கி அலமாரிக்குள் போகும். துணியில் பழுப்பாக ஒரு பொட்டு தெரிந்தாலும் திருப்பிக் கொடுப்பேன். முதல் நாள் ஒரே துப்பாக்கியை நான்கு தடவை திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது தடவைக்குக் காரணம் இருந்தது. நான்காவதற்கு இல்லை. ரிப்பேர்காரர் கொடுத்த நைலான் பட்டையில் எண்ணெய் விட்டு, அந்த ஆறையும் புள்ளி போகத் தேய்ப்பதற்கு அவருக்கு ஐந்து நாள் ஆயிற்று. சும்மா சொல்லக் கூடாது, வேலை என்று உட்கார்ந்தால் நன்றாகவே செய்கிறார். உள் காடிக்குள் துணியைக் குச்சியில் சுற்றி விட்டு எடுக்கிற லாகவம் எனக்கு வராது. வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தால் உருப்படியான மனிதர்.

வாயை எங்கே வைத்துவிட்டு வருவார்? சம்பந்தியம்மாவிடம், ரெண்டு பேர் மேலும் கொஞ்சம் கொஞ்சம் தப்பு இருந்தது, பேசித் தீர்த்துக்கொண்டோம் என்று சொல்லியிருக்கிறார். முடிவெட்டுகிறவரிடம், சம்பந்திக்குப் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு, வெறும் கையால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் கூடத்தில் நடப்பேன். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தால் விடமாட்டாள். அவ்வளவு சின்னக் கையில் அத்தனை பலம். அவளுக்குத்தான் கை வேர்க்கிறது.

இன்று காலையில் அதிகாரி வந்தார். அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். கறுப்புகளைச் சீக்கிரம் முடித்துவிட்டார். எவர்சில்வர் ஆறையும் கழற்றச் சொல்லி, காடிக்குள்ளே டார்ச் அடித்து, விரலில் கைக்குட்டையைச் சுற்றிப் பிடிக்கு அடியில் விட்டுப் பார்த்தார். செயலாளர் அம்மா கைக்குட்டையை எட்டிப் பார்த்தார். நானும்தான். கைக்குட்டையில் எண்ணெய் மினுமினுப்பைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார். இனி ஒரு வருடத்துக்கு எங்கள் இரண்டு பேர் வேலைக்கும் கவலையில்லை. போட்டு முடித்து, மற்ற கிளப்புகளில் இந்த வகைத் துப்பாக்கிகளைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், இங்கே யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்.

செயலாளர் அம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வயிறு முன்னால் வந்துவிட்டது. சம்பந்தி இரண்டு பேனாவையும் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, என் தோளில் கையைப் போட்டபடி அதிகாரியிடம் சொன்னார்:

"கம்பி நாரு இந்த ரூமுக்குள்ளயே வரக்கூடாது சார். தல தலயா அடிச்சுக்கிட்டேன். இவருக்குத்தான் புரியறதுக்குக் கொஞ்சம் நாளாச்சு."